துட்ட எவன் குடுக்கறான், அதச் சொல்லு மொதல்ல

இன்னா கண்ணு, காலங்காத்தால போனத் தேய்ச்சிக்கினு கெடக்கற? ஒரு நிமிஷம் பல்லு தெரியுது, மறு நிமிஷம் மூஞ்சி தொங்கிப்பூடுது. காதல் கீதல்னு நெனச்சி சந்தோஷப்பட்டேன். கேட்டா, போர்ட்ஃபோலியோ பார்க்கறியாம். ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா போட்டவனுக்கு போர்ட்ஃபோலியோ! பேரு பெத்த பேரு, தாக நீலு லேதுன்னு சும்மாவா சொன்னான் நம்ம பக்கத்துல?

வார்த்தையப் பாரு. டைவர்சிஃபை பண்ணணுமாம். அசெட் அலோகேஷனாம். அப்புறம் ஒண்ணு சொன்னியே, பாசிவ் இன்கம். அப்டின்னா இன்னாடா? சும்மா கெடந்தாலும் துட்டு வருமாமே. அம்பத்தூர் எஸ்டேட்டு 1964ல வந்துது. அன்னிலேர்ந்து அங்க லேத்து சுத்திக்கினுதான் கீது. சும்மா கெடந்தவனுக்கு எந்த மொதலாளி கூலி குடுத்தான்? நீ சும்மா கெடந்து உனக்குத் துட்டு வருதுன்னா, எங்கியோ எவனோ சும்மா இல்லாம ஒழைக்கறான்னு அர்த்தம். அவன் யாருன்னு தெரியுமா உனக்கு?

தாத்தாவுக்கு இங்கிலீஷு புடிக்காதுன்னு நெனச்சுக்காத. பி.எப். இங்கிலீஷுதான். எல்.ஐ.சி. இங்கிலீஷுதான். போஸ்டாபீசு ஆர்.டி.யும் இங்கிலீஷுதான். பட்டரவாக்கத்துல ரயில் எறங்கி ஷிப்டுக்கு ஓடற எந்த ஆளையாவது நிறுத்திக் கேளு, பி.எப்.னா இன்னான்னு. அவன் இங்கிலீஷு படிச்சிருக்க மாட்டான். ஆனா சொல்லுவான்: என் சம்பளத்துல பிடிக்கறான், மொதலாளியும் அவன் பங்குக்குப் போடறான், சர்க்கார் வட்டி குடுக்குது, பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்கலாம். முடிஞ்சுதா? எங்கேர்ந்து வருது, எப்ப கைக்கு வரும், ரெண்டும் சொல்லிட்டான். அவன் படிக்காதவன். நீ எம்.பி.ஏ.

பண்டுன்ற வார்த்தைய எடுத்துக்கோ. அது இன்னா நேத்து உன் போன்ல வந்ததா? மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்டு 1872ல ஆரம்பிச்சது. நூத்தைம்பது வருஷமா நம்ம ஜனங்க பண்டுன்னு சொல்லிக்கினு, பண்டுல போட்டுக்கினு இருக்காங்க. தீபாவளிப் பண்டு கட்டாத தெரு உண்டா நம்ம பக்கம்? பட்டாசு, இனிப்பு, ஒரு எவர்சில்வர் டப்பான்னு வாங்கிக்கினு வர்றவளுக்கு அது எந்த பாஷைன்னு கவலையில்ல.

சரி, தமிழ்ல மாத்திட்டா எல்லாம் விளங்கிடுமா? மியூச்சுவல் ஃபண்டுக்குத் தமிழ்ல இன்னா பேரு வெச்சிருக்கான்? பரஸ்பர நிதி. பரஸ்பரம்ன்ற வார்த்தைய நான் கேட்டது கோர்ட்டு வாசல்லதான், புருஷன் பொண்டாட்டி பரஸ்பர சம்மதத்தோட வெட்டிக்கும்போது. முன்னல்லாம் டி.வி.யில அந்தப் பரஸ்பர நிதி விளம்பரம் முடியறப்போ ஒருத்தன் மூச்சு விடாம கடகடன்னு ஒரு எச்சரிக்கை சொல்வானே, அது தமிழ்தான். ஒரு எழுத்து புரிஞ்சுதா? புரியக் கூடாதுன்னுதான அந்த வேகம்?

நான் சொல்றேன் கேளு. பத்து பேரு துட்ட ஒண்ணாச் சேத்து, கணக்கு தெரிஞ்சவன் ஒருத்தன் கையில குடுத்து, பல கம்பெனியில பங்கு வாங்கி வைடான்னு சொல்றது. அவனுக்குக் கூலி நிச்சயம். உனக்கு லாபமும் வரலாம், நஷ்டமும் வரலாம். துட்ட எவன் குடுக்கறான்? அந்தக் கம்பெனிங்க சரக்கு வித்து சம்பாதிச்சா, அதுல உன் பங்கு வருது. சைக்கிள் வித்தா, டயர் வித்தா, பிஸ்கட்டு வித்தா உண்டு. விக்கலேன்னா இல்ல. இத்தச் சொல்ல பரஸ்பரம் எதுக்கு?

பெரிய வார்த்தைக்குக் கை தட்டறது நம்ம ஏரியாவுக்குப் புதுசும் இல்ல. 1955 ஜனவரியில இதே ஆவடியில காங்கிரஸ் மாநாடு. நேரு வந்தாரு. சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்க. கூட்டம் கூட்டமா ஜனம். கை தட்டினவங்கள்ல எத்தினி பேருக்கு அது விளங்கியிருக்கும்? ஆனா 1961ல அங்க டாங்கி ஃபேக்டரி வந்துது, வேலை கெடச்சுது, மாசம் பொறந்தா கவர்ல சம்பளம் வந்துது. அப்பதான் விளங்குச்சு. இப்ப அதே ஆவடியில பேரப் புள்ளைங்க ஆப்ஷன் டிரேடிங் பண்றாங்க. காலம் மாறிடுச்சு. கை தட்டறது மட்டும் மாறல.

அப்புறம் நீ ஒரு காகிதம் காட்டினியே, நார்வேக்கு வேலைக்குப் போன உன் சிநேகிதன் அனுப்பினது. இங்கிலீஷு முதலீட்டு வார்த்தைக்கெல்லாம் எதிர்ல நார்வே பாஷையில எழுதி வெச்சிருந்தான். நார்வேன்னா எனக்கு சொல்ஹெய்ம்தான் ஞாபகம் வரும், இலங்கைக்கு சமாதானம் பேச வந்தாரே அவரு. ஆனா அந்தக் காகிதம் நல்லா இருந்துச்சுடா. ஷேருக்கு அவங்க சொல்றது அக்ஷெ. நீ எஸ்.ஐ.பி.ன்னு மூணு எழுத்துல மெரட்டறியே, அதுக்கு அங்க சேமிப்பு ஒப்பந்தம்னு அர்த்தம் வர்ற ஒரு சாதா வார்த்தை. காம்பவுண்ட் இன்ட்ரஸ்டுக்கு இன்னா தெரியுமா? ரெந்தெஸ் ரெந்தெ. அப்டியே நம்ம வட்டிக்கு வட்டி! பனிக்குள்ள உக்காந்திருக்கறவனும் நம்ம பூந்தமல்லி சேட்டுக் கடையில பேசறதையே பேசறான்.

நீ மட்டும் ஏன்டா இப்டி? வட்டிக்கு வட்டின்னு நான் சொன்னா, கந்துவட்டிக்காரன் வந்துட்டான்னு கதவச் சாத்தற. அதையே ஒருத்தன் கோட்டு மாட்டிக்கினு பவர் ஆஃப் காம்பவுண்டிங்னு சொன்னா உனக்குப் புல்லரிக்குது. ரெண்டும் ஒண்ணுதான். நீ கடன் வாங்கற பக்கம் நின்னா கழுத்த அறுக்கும், குடுக்கற பக்கம் நின்னா சோறு போடும்.

கடன் வாங்கற பக்கத்துல பாரு, நமக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்ல. தண்டல், மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்து வட்டி. கந்து வட்டிக்குத் தடை போட்டு 2003ல சட்டமே வந்துடுச்சு. வார்த்தை மட்டும் இன்னும் சாவல. மார்க்கெட்டுல தண்டல் எப்டி ஓடுது? பத்தாயிரம்னு எழுதிக்குவான், எட்டாயிரத்து ஐந்நூறு கையில குடுப்பான். தெனம் நூறு ரூபா, நூறு நாள் கட்டணும். பார்த்தா நூத்துக்கு பதினெட்டு போலத் தெரியும். ஆனா நீ தெனம் தெனம் அசலையும் சேத்துக் கட்டிக்கினு வர்றியே, அந்த முழுத் துட்டும் நூறு நாளா உன் கையில இருந்துச்சா? பாதிதான் இருந்துச்சு. அதனால நெசக் கணக்கு ரெண்டு மடங்கு. அதுவும் மூணே மாசத்துல. பூக்காரம்மாவுக்கு இது தெரியும். தெரிஞ்சுதான் வாங்குது, விடிகாலையில பூ எடுக்க வேற வழியில்லாம. உனக்கு உன் கிரெடிட் கார்டு வட்டி தெரியுமா?

நார்வேக்காரன விட்டுட்டேன் பாரு. அவன் கடல்ல 1969ல எண்ணெய் கெடச்சுது. நமக்குக் கெடச்சிருந்தா இன்னா பண்ணியிருப்போம்? ஆளுக்கொரு மிக்சி கெடச்சிருக்கும். அவன் அந்தத் துட்ட ஒரு பண்டா சேத்து வெக்க 1990ல சட்டம் போட்டான், 1996ல மொத மொத அந்தப் பண்டுல துட்டு போட்டான். பெரிய பேரு ஒண்ணு வெச்சான், அரசாங்க ஓய்வூதிய உலக நிதின்னு. ஜனங்க அத்த மதிக்கல. எண்ணெய்ப் பண்டுன்னே கூப்புடறாங்க. எங்கேர்ந்து வந்ததோ அதுதான் பேரு. ஊர் ஒலகத்துல இருக்கற கம்பெனிங்கள்ல, நம்ம நாட்டுக் கம்பெனி உள்பட, கொஞ்சம் கொஞ்சமா பங்கு வாங்கி வெச்சிருக்கான். எல்லாம் சேத்தா ஒலகப் பங்குல நூத்துக்கு ஒண்ணரை. எடுத்துச் செலவு பண்றது, பல வருஷ சராசரியில, வருஷத்துக்கு நூத்துக்கு மூணுக்குள்ளன்னு ஒரு கட்டுப்பாடு. 2022ல அந்தப் பண்டுக்கே நூத்துக்கு பதினாலு நஷ்டம். மறைச்சானா? நஷ்டம்னு ஊரறியச் சொன்னான். ஒலகத்துலயே பெரிய அரசாங்க முதலீட்டுப் பண்டு வெச்சிருக்கறவனே இந்த வருஷம் இவ்ளோ நிச்சயம்னு சொல்ல மாட்டேங்கறான். உன் தெரு முனையில மாசம் இவ்ளோ வட்டின்னு போர்டு மாட்டினவன் எப்டிடா சொல்றான்?

போர்டுன்னதும் பழைய கதை ஒண்ணு ஞாபகம் வருது. நம்ம மெட்ராஸ்ல ஆர்பத்நாட் கம்பெனின்னு ஒண்ணு. தொர கம்பெனி. இங்கிலீஷு பேரு, கோட்டு சூட்டு, பெரிய கட்டடம். தொர ஏமாத்துவானான்னு ஜில்லா ஜில்லாவா ஜனங்க கொண்டாந்து கொட்டினாங்க. 1906 அக்டோபர்ல கதவு மூடிடுச்சு. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட், பட்டம் வாங்கின தொர, பதினெட்டு மாசம் கடுங்காவல் போனாரு. அந்த வயித்தெரிச்சல்ல நம்மாளுங்க சேந்து 1907ல ஆரம்பிச்சதுதான் இந்தியன் பேங்கு.

இங்கிலீஷு பேரு கவுத்துச்சு, நம்ம சாமி பேரு காப்பாத்தும்னு நெனைக்கறியா? ஆருத்ராங்கறது சாமியோட நட்சத்திரம், திருவாதிரை. அந்தப் பேருல அமைஞ்சகரையில ஒரு தங்க வியாபாரக் கம்பெனி. மாசத்துக்கு நூத்துக்கு 25, 30 வட்டின்னு ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேர்கிட்ட 2,400 கோடிக்கு மேல வாங்கினதா பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசு 2022ல வழக்கு போட்டுது. அதுல படிக்காதவன் மட்டுமா போட்டான்? வாத்தியாரு போட்டான், போலீசே போட்டான், கம்ப்யூட்டர் என்ஜினியர் போட்டான். ஒருத்தனாவது பென்சில் எடுத்துக் கணக்கு போட்டானா?

நீ போடு இப்ப. மாசம் முப்பது வட்டி. ஒரு லட்சம். வட்டிய எடுக்காம வட்டிக்கு வட்டியா விட்டா ஒரு வருஷத்துல 23 லட்சம் ஆவுது. ரெண்டாவது வருஷம் முடிஞ்சா 5 கோடி 42 லட்சம். இவ்ளோ லாபம் பாக்கத் தெரிஞ்சவன், ஒரே ஒரு லட்சத்தக் கடன் வாங்கிக்கினு ரெண்டு வருஷம் வீட்டுக்குள்ள குந்தியிருந்தா கோடீஸ்வரன். அவன் ஏன்டா ஏசி ஹாலு புடிச்சி, பிரியாணி போட்டு, உன் வீட்டு மூணு பவுன் செயினுக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறான்? மொதல்ல வந்தவனுக்குக் குடுத்த வட்டி எவன் துட்டு? பின்னாடி வந்தவன் துட்டு. பின்னாடி வந்தவன் எவன்? நீதான்.

சுத்தத் தமிழ்லயும் ஏமாத்தலாம்ன்றதுக்கு அத்தாட்சி வேணுமா? மனை விளம்பரத்தப் படி. 'சென்னைக்கு மிக அருகில்'. இங்கிலீஷு கலக்காத அருமையான தமிழ். பூந்தமல்லியில வேன் ஏத்திக்கினு போவான். ரெண்டு தூக்கம் போட்டு முழிச்சிப் பார்த்தா ஆந்திரா பார்டர் போர்டு தெரியும். கிரவுண்டுன்றது இங்கிலீஷு வார்த்தை, ஆனா 2,400 சதுர அடின்னா 2,400 சதுர அடிதான். அருகில்ன்றதுக்கு எத்தினி அடிடா?

சீட்டுக்கு வா. நீ ஏளனமா பாக்கறியே, உங்க ஆயா புடிக்கற ஏலச்சீட்டு, அதுல இருக்கற புத்தி உன் ஆப்புல இருக்கா பாரு. இருபது பேரு. மாசம் ஐயாயிரம். ஒரு லட்சம் ரூபா சீட்டு, இருபது மாசம். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் திண்ணையில ஏலம். ஒருத்தனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். இருபத்தஞ்சாயிரம் தள்ளி எடுக்கறான். அவன் கைக்கு எழுபத்தஞ்சு. சீட்டு புடிக்கறவளுக்கு அஞ்சு. மிச்சம் இருபதாயிரம் இருபது பேருக்கும் பிரிஞ்சு ஆளுக்கு ஆயிரம். ஆக இந்த மாசம் நீ ஐயாயிரம் கட்ட வேணாம், நாலாயிரம் கட்டினாப் போதும். உன் ஆயிரத்த எவன் குடுத்தான்? அதோ, திண்ணை ஓரத்துல முகத்தத் தொடச்சிக்கினு எழுபத்தஞ்சாயிரத்த எண்ணறானே, அவன் குடுத்தான். கண்ணுக்கு நேரா தெரியுது. நாளைக்கு உனக்கு அவசரம்னா நீ தள்ளி எடுப்ப, அவன் வாங்குவான்.

இதுக்கும் டெல்லியில சட்டம் இருக்கு, 1982ல போட்டது. 2019ல அத்தத் திருத்தினாங்க. இன்னா திருத்தினாங்க தெரியுமா? சீட்டுக்கு இன்னும் ரெண்டு மரியாதையான பேரு சேத்தாங்க. டிவிடெண்டுன்னு இருந்தத மாத்தி, தள்ளுல ஒரு பங்குன்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதினாங்க. அதத்தானே எங்க திண்ணையில ஆதியிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கோம்! பார்லிமெண்டு கூடி உங்க ஆயா பேச்சுக்கு வந்து சேந்துச்சு. கூடவே சீட்டு நடத்தறவன் கமிஷன அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் ஏத்திக்கலாம்னும் எழுதிட்டாங்க. வார்த்தை மாத்தற சந்தடியில எது ஏறுதுன்னு எப்பவும் ஒரு கண்ணு வெச்சிக்கோ.

சீட்டுன்னா கண்ண மூடிக்கினு போடுன்னு சொல்லல. எடுத்துக்கினு ஓடிப்போனவங்க இல்லாத ஊரா? பதிவு பண்ண சீட்டான்னு பாரு. புடிக்கறவளுக்கு சொந்த வீடு இருக்கான்னு பாரு. எடுத்தவன் ஒழுங்காக் கட்டறானான்னு பாரு. எல்லாம் நடந்து போயிப் பாக்கற தூரத்துலதான் கீது. நெசமாவே மிக அருகில்.

கடைசியா உன் எப் அண்டு ஓ, அதான் அந்த ஆப்ஷன் டிரேடிங். நேத்து ராத்திரி கால், புட், ஸ்டிரைக், எக்ஸ்பைரின்னு அரைமணி நேரம் பாடம் எடுத்த. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: நீ ஜெயிச்சா துட்ட எவன் குடுக்கறான்? மார்க்கெட்டுன்ன. மார்க்கெட்டுன்னா யாரு, கோயம்பேடா? அங்க சரக்கு இருக்கும், கத்தரிக்கா இருக்கும். இங்க இன்னா இருக்கு? நீ ஜெயிச்சா தோத்தவன் குடுக்கறான், நீ தோத்தா ஜெயிச்சவனுக்குக் குடுக்கற. நடுவுல புரோக்கருக்கும் சர்க்காருக்கும் ரெண்டு பேரும் குடுக்கறீங்க. புதுசா ஒரு கத்தரிக்கா விளையல.

அப்ப எதிர்ல உக்காந்திருக்கறவன் யாருன்னு பாக்க வேணாமா? பங்குச் சந்தையக் கண்காணிக்கற செபியே கணக்கு எடுத்து 2024ல வெளியிட்டுச்சு. மூணு வருஷத்துல ஒரு கோடிக்கு மேல தனி ஆளுங்க ஆடினாங்க. நூத்துக்கு 93 பேருக்கு நஷ்டம். தோத்தவனுக்கு சராசரி ரெண்டு லட்சம் போச்சு. மொத்தமா 1.8 லட்சம் கோடி. ஜெயிச்சவன்? பெரிய கம்பெனியும் வெளிநாட்டுக்காரனும். அவங்க லாபத்துல பெரும்பகுதி கம்ப்யூட்டரே போட்ட ஆர்டர்ல வந்ததாம். நீ பஸ்ஸுல கம்பியப் புடிச்சிக்கினு ஒரு கட்டைவெரல்ல ஆடற. அது தூங்காது, டீ குடிக்காது, ஆபீசர் திட்டினா கோவத்துல தப்பா அமுக்காது. கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போறேன்னானாம். நூத்துக்கு ஏழு பேரு ஜெயிக்கறாங்களே தாத்தான்னு நீ சொல்லுவ. அந்த ஏழு பேருல ஒருத்தன் நீன்னு மத்த தொண்ணூத்து மூணு பேரும்தான் நெனச்சான்.

துட்டு போடாதன்னு நான் சொல்லல. பானையில வெச்சா பூஞ்சை புடிக்கும், வெலவாசி தின்னுடும். போடு. மாசா மாசம் கொஞ்சம், போன எடுத்து எடுத்துப் பாக்காம, வருஷக் கணக்கா போடு. வெறும் ஐந்நூறுன்னாலும் பரவாயில்ல. ஆனா போடறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை வெக்கறேன். எம்.பி.ஏ. பரீட்சைய விடக் கஷ்டம். உங்க ஆயா முன்னாடி போய் உக்காரு. எந்த பாஷையில வேணும்னாலும் சொல்லிக்கோ, ஒரே மூச்சுல சொல்லணும்: என் துட்டு எங்க போவுது, லாபத்த எவன் குடுக்கறான், அவன் ஏன் குடுக்கறான், குடுக்கலேன்னா நான் எங்க போய்க் கேக்கறது. ஆயா வெத்தலைய மென்னுக்கினு தலைய ஆட்டினா, போட்டுடு. 'இன்னாடா ஒளறுற?'ன்னு கேட்டா, போன மடிச்சி வெச்சிட்டு அந்தத் துட்ட ஆயா கையிலயே குடுத்துடு. வட்டி வராது. அசல் பத்திரமா இருக்கும். ஆனா சுருக்குப்பைக்குள்ள போன துட்ட திரும்ப வாங்கறதுக்கு எந்த செபியும் உனக்கு ஒத்தாசைக்கு வராது, சொல்லிட்டேன்.